ஒரே ஒரு நம்பிக்கை மட்டும் பிசகிப்போனால்: டெலூஷனல் டிஸ்ஆர்டர் பற்றி எளிய அறிமுகம்

பாளையங்கோட்டைப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. யார் எவ்வளவு பாக்கி என்பதை நோட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். ஊர்க் கொடைக்கு வரி பிரிப்பதென்றால் முன்னால் நிற்பார். ஆனால் தன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சித்தப்பா மகன், மாடித் தொட்டியில் மருந்து கலக்கிறான் என்பது அவருடைய முடிவு.

முதலில் தொட்டிக்குப் பூட்டுப் போட்டார்கள். அப்புறம் தொட்டியையே மாற்றினார்கள். கடைசியில் மகன் கேமரா வாங்கி மாட்டினான். ஒரு மாதப் பதிவில் பூனையைத் தவிர யாரும் மாடிக்கு வரவில்லை. அதைப் போட்டுக் காட்டியபோது அண்ணாச்சி சொன்னார்: "கேமரா மாட்ட வந்தவனையும் அவன் கைக்குள்ள போட்டுட்டாம்லா."

பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து நான் உருவாக்கிய ஆள்தான் இவர். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம், இந்த நோயோடு பழகிய எந்தக் குடும்பத்துக்கும் கேட்ட குரலாக இருக்கும். இல்லை என்று காட்டும் ஆதாரமே, அந்த நம்பிக்கைக்கு இன்னொரு ஆதாரமாகிவிடுகிறது. இப்படிப்பட்ட நம்பிக்கையை மனநல மருத்துவத்தில் டெலூஷன் என்கிறார்கள். தமிழில் மருட்சி, பிறழ்நம்பிக்கை என்றெல்லாம் எழுதுவதுண்டு. மற்ற எல்லாம் ஒழுங்காக இருந்து, இந்த ஒரு நம்பிக்கை மட்டும் பிசகி நின்றால் அது டெலூஷனல் டிஸ்ஆர்டர்.

ஜெர்மானிய மருத்துவர் கார்ல் யாஸ்பர்ஸ் 1913-லேயே டெலூஷனுக்குச் சில அடையாளங்கள் சொல்லி வைத்தார். அசைக்க முடியாத உறுதி. எதிர் அனுபவமோ வாதமோ எதுவும் அதைத் தொடாமை. உள்ளடக்கம் நடக்க முடியாததாக இருப்பது. இந்த மூன்றில் முதல் இரண்டும்தான் நமக்கு அதிகம் உதவும். சாதாரண சந்தேகம் என்றால் கேமராப் பதிவைப் பார்த்ததும் கொஞ்சமாவது தளரும். "சரி, ஒருவேளை நம்மதான் தப்பா நினைச்சுட்டமோ" என்று ஒரு நிமிடமாவது தோன்றும். டெலூஷனில் அந்த ஒரு நிமிடம் வராது.

அமெரிக்க மனநல சங்கத்தின் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்-5 கணக்கில், இப்படி ஒரு மாதமாவது நீடித்தால் இந்த நோய் என்று பெயர் வைக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 மூன்று மாதம் கேட்கிறது. மனச்சிதைவு எனப்படும் ஸ்கிஸோஃப்ரினியா வேறு. அதில் காதில் குரல்கள் கேட்பது, பேச்சு கோர்வை இழப்பது, குளிக்காமல் சாப்பிடாமல் ஒடுங்கிப்போவது எல்லாம் சேர்ந்து வரும். பெரும்பாலும் இளவயதில் தொடங்கும். டெலூஷனல் டிஸ்ஆர்டரில் அவை இருக்காது, அல்லது அந்த நம்பிக்கையை ஒட்டிக் கொஞ்சமாக மட்டும் இருக்கும். வருவதும் பெரும்பாலும் நாற்பதை ஒட்டியோ அதற்குப் பிறகோ. வாழ்நாளில் ஆயிரத்தில் இரண்டு பேருக்கு வரலாம் என்பது டிஎஸ்எம்-5 தரும் மதிப்பீடு. ஐயாயிரம் பேர் வாழும் ஊர் என்றால் பத்துப் பேர். ஆனால் அந்தப் பத்துப் பேரும் கண்ணில் படமாட்டார்கள். கடை நடத்துகிறார், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறார், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறார். ஊரில் யாரும் அவரைக் கோட்டிக்காரர் என்று சொல்லமாட்டார்கள். வீட்டுக்குள் மட்டும் வருடக்கணக்காக நரகம் ஓடிக்கொண்டிருக்கும்.

எது நோய், எது நோயில்லை

நம் பக்கத்தில் செய்வினை, ஏவல், கண்ணேறு எல்லாம் பலரும் நம்புகிற விஷயம். அதை நம்புகிறவருக்கெல்லாம் மனநோய் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். ஒருவர் தன்னைச் சுற்றியிருக்கும் சமூகத்தோடு சேர்ந்து வைத்திருக்கும் நம்பிக்கை டெலூஷனில் சேராது. வகைப்பாட்டு நூல்களே அதைத் தெளிவாகச் சொல்கின்றன. வித்தியாசம் தெரியும் இடம் வேறு. குறி சொல்பவரே சோழியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல ஒண்ணும் இல்ல, நிம்மதியாப் போங்க" என்கிறார். வீட்டார் நிம்மதியாகிவிடுகிறார்கள். இவர் மட்டும் அடுத்த குறிகாரரிடம் போகிறார், அவரும் ஒன்றுமில்லை என்றால் அதற்கடுத்தவரிடம். கடைசியில் எல்லாரையும் எதிராளி விலைக்கு வாங்கிவிட்டான் என்கிறார். அதே நம்பிக்கையில் ஊறிய மனிதர்களே "இது வேற மாதிரி இருக்கே" என்று விலகி நிற்கும் இடம் அது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் வரப்புத் தகராறும் பங்காளிப் பகையும் சாதிப் பகையும் உயிர்களைக் குடித்திருக்கின்றன. "என்னைக் கொல்லப் பார்க்கிறாங்க" என்று ஒருவர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். நல்ல மருத்துவர் முதலில் வீட்டாரிடமும் அக்கம்பக்கத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்வார். திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளில் கையில் காகிதக் கட்டோடு நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையான குறைதான். அவர்களுக்கு நடுவில் எங்கோ ஒருவர், தீர்ந்துபோன வழக்குக்காகப் பதினைந்து வருடமாக, நிலத்தை விற்று வக்கீலுக்குக் கொடுத்து, ஒவ்வொரு அதிகாரியும் சதியில் சேர்ந்துவிட்டதாக எழுதிக்கொண்டிருக்கலாம். அதுவும் இந்த நோயின் ஒரு முகம்.

மற்ற முகங்களும் உண்டு. அதிகம் காணப்படுவது யாரோ தனக்குக் கெடுதல் செய்கிறார்கள் என்பது. நேரில் பேசியே இராத பெரிய மனிதர் ஒருவர் தன்னை ரகசியமாகக் காதலிக்கிறார் என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். தாமிரபரணித் தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்க்கும் ரகசியத் திட்டம் தன்னிடம் இருப்பதாகவும் டெல்லி அதற்காகக் காத்திருப்பதாகவும் நம்பும் வகையும் உண்டு. இவை கொஞ்சம் அரிது.

உடம்பைப் பற்றிய வகையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தோலுக்கு அடியில் பூச்சி ஊர்கிறது என்ற உறுதி. ஸ்வீடன் மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்போம் 1938-ல் இதை விரிவாக எழுதியதால் அவர் பெயரிலும் அழைக்கிறார்கள். இவர்கள் பெரும்பாலும் மனநல மருத்துவரிடம் வருவதில்லை, தோல் மருத்துவரிடம்தான் போவார்கள். முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்து மெதுவாகத் திறப்பார் ஒரு ஆச்சி. உள்ளே காகிதத்தில் மடித்து வைத்திருப்பது: உதிர்ந்த தோல், காய்ந்த பொருக்கு, பஞ்சு இழை, மண் துகள். "பாருங்க டாக்டர், இதான் பூச்சி. உயிரோட இருக்கும்போது பிடிச்சேன்." கையில் நகத்தால் கீறிய வரிவரியான புண்கள் இருக்கும். சில இடங்களில் மண்ணெண்ணெய் தடவிய வாடையும் வரும். உலகம் முழுவதும் இப்படித் தீப்பெட்டியோடு வருகிறார்கள் என்பதால் மருத்துவப் புத்தகங்களிலேயே இதற்குத் 'தீப்பெட்டி அடையாளம்' என்று பெயர். இப்போது செல்போன் படங்களும் சேர்ந்துவிட்டன. அந்த ஆச்சி நடிக்கவில்லை. ஊர்வது அவருக்கு உண்மையாகவே தெரிகிறது. தோல் மருத்துவர் "ஒண்ணுமில்ல, போங்க" என்று அனுப்பினால் அவர் அடுத்த தோல் மருத்துவரைத் தேடிப் போவார், அவ்வளவுதான். சொறிசிரங்கு இருக்கிறதா, சர்க்கரை நோயால் வரும் நரம்பு எரிச்சலா, பி12 குறைவா, தைராய்டா என்று பொறுமையாகப் பார்த்து, கூடவே "இந்த ஊறல் அடங்க ஒரு மாத்திரை தாரேன்" என்று தொடங்கும் தோல் மருத்துவரால் அவரைக் காப்பாற்ற முடியும்.

அடுத்தது, துணையின் மீதான சந்தேகம். மனைவி பீடி சுற்றுகிறார். பீடிக்கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பப் பத்து நிமிடம் கூடிவிட்டது. அன்றைக்குச் செக்கர் கட்டுகளை நிதானமாகப் பார்த்திருப்பார். கணவனுக்கு அந்தப் பத்து நிமிடம் போதும். சேலை மடிப்பு கலைந்திருப்பது, போனில் ஒரு மிஸ்டு கால், பக்கத்து வீட்டுக்காரன் இருமியது எல்லாம் சாட்சியாகின்றன. குடிப்பழக்கம் சேர்ந்தால் இது இன்னும் முற்றும். இதிலும் மருத்துவர் பார்ப்பது, மனைவிக்கு வேறு தொடர்பு உண்டா இல்லையா என்பதை அல்ல. அந்த முடிவுக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதைத்தான் பார்க்கிறார்.

ஏன் வருகிறது

முழு விடை இன்னும் இல்லை. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளுக்குப் பங்கு உண்டு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பாடப்புத்தகத்தில் முக்கியமான வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போடுகிறோமே, டோபமின் செய்யும் வேலையில் ஒன்று அதுதான்: எதைக் கவனிக்க வேண்டும் என்று மூளைக்குக் காட்டுவது. அது அளவு மீறும்போது எல்லா வரிகளின் கீழும் கோடு விழுகிறது. பக்கத்து வீட்டு இருமல், தெருவில் நின்ற பைக், தண்ணீரின் லேசான நாற்றம் எல்லாமே தனக்காக நடப்பதாகத் தோன்றும். அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்காமல் மனம் ஓயாது. கண்டுபிடித்த காரணம்தான் டெலூஷன்.

காது மந்தமாகிப்போன முதியவர்களுக்கு, மற்றவர்கள் பேசிச் சிரிப்பது தன்னைப் பற்றித்தான் என்ற எண்ணம் எளிதில் வேர்விடும். தனிமையும் தெரியாத ஊரில் பிழைப்பும் அதற்குத் தோதான நிலம். பிள்ளைகள் எல்லாம் சென்னைக்கும் துபாய்க்கும் போய்விட, பெரிய வீட்டில் ஒற்றையாகக் கிடக்கும் ஆச்சிகளும் தாத்தாக்களும் நம் ஊர்களில் கூடிக்கொண்டிருக்கிறார்கள். இதை நான் கவலையோடுதான் சொல்கிறேன். அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாக இப்படி ஒரு நம்பிக்கை வந்தால், மறதி நோயின் தொடக்கமா, பார்கின்சன் மாத்திரையின் விளைவா, ஸ்டீராய்டா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு காது கேட்கும் கருவியே பாதி பயத்தைக் குறைத்துவிடுவதும் உண்டு.

வீட்டில் எப்படிப் பேசுவது

சிகிச்சை மாத்திரையில் தொடங்குவதில்லை, வீட்டுப் பேச்சில் தொடங்குகிறது. குடும்பங்கள் பொதுவாக இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. ஒன்று, வக்கீல்போல வாதாடுவது. அதனால் பயனில்லை என்பதைக் கேமராவே காட்டிவிட்டது. தவிர, "நீ பொய் சொல்லுத" என்று தினமும் கேட்கிறவர், வீட்டாரையும் எதிரி பக்கம் சேர்த்துவிடுவார். இன்னொன்று, தொல்லை தாங்காமல் "ஆமா, அவன்தான் கலக்குதான்" என்று தலையாட்டுவது. அது அன்றைக்கு அமைதி தரும். ஆனால் மறுநாளே "ஒங்க அம்மையே சொல்லிட்டா" என்று அதுவும் சாட்சியாகிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. நம்பிக்கையை விட்டுவிட்டு அதனால் வரும் வேதனையைப் பிடித்துக்கொள்வது. அண்ணாச்சியின் மனைவி இப்படிச் சொல்லலாம்: "தொட்டியில யாரும் கலக்குத மாதிரி எனக்குத் தெரியல. ஆனா நீங்க ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சுக் கெடக்கீங்க, உடம்பு பாதியா போச்சு. அதத்தான் என்னால பாக்க முடியல. தூக்கத்துக்காவது டாக்டரப் பாப்போம்." இதில் பொய் இல்லை, வாதமும் இல்லை. 'எனக்கு மனநோய்' என்று அவர் ஒப்புக்கொள்ளவும் வேண்டியதில்லை. தன் நம்பிக்கை தவறு என்று ஏற்றுக்கொண்டால்தான் சிகிச்சை தொடங்க முடியும் என்று பலரும் நினைக்கிறார்கள், அது சரியல்ல. தூக்கமின்மைக்கும் படபடப்புக்கும் சாப்பிட முடியாமைக்கும் உதவி வேண்டும் என்று அவர் ஒத்துக்கொண்டாலே மருத்துவரால் வேலையைத் தொடங்க முடியும்.

அப்புறம், மாத்திரையைப் பொடித்துச் சாம்பாரில் கலப்பது. நிறைய வீடுகளில் நடக்கிறது. வேறு வழி தெரியாத தவிப்பில்தான் செய்கிறார்கள் என்பதும் புரிகிறது. ஆனாலும் நீங்களாக இதைச் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தனக்கு விஷம் கலக்கிறார்கள் என்று நம்பும் மனிதர் ஒருநாள் அந்தக் கசப்பைக் கண்டுபிடித்துவிட்டால், அவர் சொன்னது உண்மையாகிவிடுகிறது. அதற்குப் பிறகு மனைவி கையால் காபிகூட வாங்கமாட்டார். மருந்தின் அளவும் தெரியாது, பக்கவிளைவு வந்தால் அவருக்கே காரணம் தெரியாது. நிலைமை கைமீறினால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், வேறு வழிகள் இருக்கின்றன.

மருந்தும் பேச்சும்

முதன்மையான மருந்துகள், டெலூஷன் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் ஆன்டிசைக்கோட்டிக் வகை: ரிஸ்பெரிடோன், ஒலான்ஸபின், அரிபிப்ரஸோல் போன்றவை. பூச்சி ஊரும் வகைக்கு முன்பு பைமோசைடு அதிகம் கொடுத்தார்கள். அது இதயத் துடிப்பைப் பாதிக்கலாம் என்பதால் இசிஜி பார்த்துத்தான் தர வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். தூக்கமும் படபடப்பும் முதலில் சீராகும். நம்பிக்கை தளர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும்.

தளர்வது என்றால் எப்படி என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் நல்ல பலன் கிடைத்தும் வீட்டார் ஏமாந்துபோவார்கள். "நான் நினைச்சது தப்பு" என்று எல்லாரும் சொல்லிவிடமாட்டார்கள். பலர் சொல்வது: "முன்ன கலக்கினான். இப்ப விட்டுட்டான் போல." அது போதும். அண்ணாச்சி வீட்டுத் தண்ணீரைக் குடிக்கிறார், சித்தப்பா மகன் வீட்டுச் சடங்குக்குப் போய் மொய் எழுதிவிட்டு வருகிறார் என்றால் அது பெரிய வெற்றி. பழைய கதையைக் கிளறி ஒப்புதல் வாக்குமூலம் கேட்க வேண்டாம்.

பக்கவிளைவுகள் உண்டு. எடை கூடலாம், சர்க்கரை ஏறலாம், கைகால் இறுகலாம், நடுங்கலாம், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரலாம், பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகலாம். இவற்றில் பெரும்பாலானவற்றை அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சமாளிக்கலாம். யாரும் சொல்லாமல் தானாக நிறுத்துவதுதான் நோய் திரும்ப முக்கியக் காரணம். தினமும் விழுங்க மறுப்பவருக்கு, அவருடைய சம்மதத்தோடு, இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது.

இந்த நோய்க்கென்று நடந்த தரமான மருந்து ஆய்வுகள் மிகக் குறைவு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு 2015-ல் உலகம் முழுவதும் தேடியும் தகுதியானதாகக் கண்டது ஒரே ஓர் ஆய்வு. அதில் இருந்தவர்கள் 17 பேர், அதுவும் பேச்சு சிகிச்சை பற்றியது. காரணம் எளிது: நோய் இருப்பதாகவே நினைக்காதவர் ஆய்வுக்கு எப்படி வருவார்? அதனால் மருத்துவர்கள் மற்ற மனநோய்களில் கிடைத்த அனுபவத்தையும் நோயாளிக் குறிப்புகளையும் வைத்தே மருந்தைத் தேர்கிறார்கள். ஒரு மருந்து கேட்காவிட்டால் இன்னொன்றுக்கு மாற்றுவதில் தவறில்லை.

பேச்சு சிகிச்சை நம்பிக்கையை நேராகப் போய் முட்டாது. கவலையைக் குறைப்பது, தூக்கத்தைச் சீர்செய்வது, பயந்து ஒதுக்கிய இடங்களுக்கு மெல்ல மெல்லப் போய்ப் பார்ப்பது என்று சுற்றி வரும். கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்கும், குடி இருந்தால் அதற்கும் தனியாக வைத்தியம் வேண்டும். ஒருவரின் நம்பிக்கை கூடவே இருக்கும் மனைவிக்கோ மகளுக்கோ தொற்றிக்கொள்வதும் உண்டு. அப்போது இருவரையும் கொஞ்ச காலம் பிரித்து வைத்தாலே இரண்டாமவர் தெளிந்துவிடுவதும் உண்டு.

கோவிலுக்கும் தர்காவுக்கும் போவதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்தாமல் போங்கள். சங்கிலி மட்டும் கூடாது. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், நம் நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி அல்ல, 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப்போனார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

ஆபத்து எப்போது? துணையைச் சந்தேகிப்பவர் ஆயுதத்தைக் கையில் எடுத்தால், பின்தொடர்ந்தால், "ஒன்னக் கொன்னுட்டு நானும் செத்துருவேன்" என்றால். அதைக் குடிபோதைப் பேச்சு என்று ஒதுக்காதீர்கள். அரிவாளையும் பூச்சிமருந்தையும் வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். மனைவியும் பிள்ளைகளும் அன்றைக்கே வேறு வீட்டுக்குப் போய்விட வேண்டும். அவசர எண் 112, பெண்களுக்கான உதவி எண் 181. மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி, சிகிச்சையை மறுப்பவரையும் அவருடைய நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் செயல்படச் சட்டப்படி குறிக்கப்பட்டவர்) விண்ணப்பித்து, மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்த பிறகு, 30 நாள் வரை மருத்துவமனையில் சேர்க்கலாம். 100-ஆம் பிரிவு, ஆபத்தில் இருப்பவரைப் பாதுகாப்பாக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பைக் காவல்துறைக்குத் தருகிறது.

எங்கே போவது என்றால், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வருவார். எந்த நாள் என்று முந்தின நாளே விசாரித்துக்கொண்டு போனால் வீண் அலைச்சல் இருக்காது. அரசு மருத்துவமனையில் மாத்திரைக்குக் காசு இல்லை. வீட்டை விட்டு நகர முடியாதபோது, 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்நேரமும் தமிழில் பேசலாம். நோயாளி வர மறுத்தாலும் வீட்டார் மட்டும் கூப்பிட்டு வழி கேட்கலாம்.

முதல் தடவை போகும்போது, எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் தூக்கமோ குடியோ காய்ச்சலோ ஏதாவது மாறியதா, வேறு என்னென்ன மாத்திரை போடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். அவர் எதிரில் அதை உரக்கப் படிக்க வேண்டாம். உள்ளே போனதும் நர்சிடம் கொடுத்துவிட்டு, டாக்டரோடு தனியாக ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். அவரும் தனியாகப் பேச விரும்புவார், அதற்கும் இடம் கொடுங்கள்.